முதல் முறை பண்ணை எந்திரம் வாங்குகிறீர்களா? கண்காட்சிக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

கோவை கொடிசியா வளாகத்தில் வருடா வருடம் ஜூலை வாக்கில் அக்ரி இன்டெக்ஸ் கண்காட்சி நடக்கும். ஆடிப் பட்டத்தை ஒட்டிய நேரம். கையில் கொஞ்சம் காசு, மனதில் நிறைய ஆசை, பளபளவென்று வரிசையாக நிற்கும் வண்டிகள். முதல் முறை போகிறவர் அங்கேயே டிராக்டருக்கு முன்பணம் கட்டிவிட்டு வருவது ஒன்றும் அதிசயமில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: கண்காட்சி என்பது கேள்வி கேட்கிற இடம், வாங்குகிற இடம் அல்ல. அங்கே கேட்க வேண்டிய கேள்விகளை உங்கள் நிலத்திலிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

வேலையை விட்டு ஊர் திரும்பியவர்கள், அப்பாவிடமிருந்து நிலப் பொறுப்பு கைக்கு வந்தவர்கள், ஆள் கிடைக்காத தொல்லையால் எந்திரம் பக்கம் திரும்புகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ஏற்கெனவே இரண்டு டிராக்டர் ஓட்டித் தேய்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

முதலில் மணிக்கணக்கு

ஒரு நோட்டில் உங்கள் நிலத்துக்கு வருடத்தில் எத்தனை மணி நேரம் எந்திரம் தேவைப்படுகிறது என்று எழுதுங்கள். ஏக்கர் கணக்கு வேண்டாம், மணிக்கணக்கு வேண்டும். வாடகையும் மணிக்குத்தான், சர்வீஸும் மணிக்கணக்கில்தான்.

ஒரு உதாரணம். ஐந்து ஏக்கர், இரண்டு போகம். கொத்துக் கலப்பை, மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 40 மணி நேரம். வாடகை மணிக்கு 1,200 ரூபாய் என்றால் 48,000 ரூபாய். இனி சொந்த வண்டி. 8 லட்சம் ரூபாய்க் கடன், ஐந்து வருடம், 10 சதவீத வட்டி என்றால் முதல் வருட வட்டி மட்டுமே 70,000 ரூபாயைத் தாண்டும். இதில் அசல், டீசல், ஓட்டுநர் கூலி, டயர், இன்சூரன்ஸ் எதுவும் சேரவில்லை. உங்கள் ஊர் வாடகை வேறாக இருக்கலாம், வட்டி வேறாக இருக்கலாம். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

"அப்படியென்றால் சின்ன விவசாயி யாருமே வாங்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். இந்தக் கணக்கில் அடங்காத ஒன்று இருக்கிறது, அது நேரம். கோடை மழை பெய்த மறுநாள் ஊரில் எல்லோருக்கும் உழவு வேண்டும். வாடகை வண்டிக்காரர் பெரிய காட்டை முடித்துவிட்டுத்தான் உங்கள் பக்கம் வருவார். அதற்குள் ஈரம் காய்ந்துவிடும். இப்படி ஈரம் தவறியதால், நடவு தள்ளிப்போனதால், அறுவடைக்கு வண்டி வராததால் போன இரண்டு வருடத்தில் எவ்வளவு போயிற்று என்று தனியாக எழுதுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்ற முடிவு பெரும்பாலும் இந்த இரண்டாவது பக்கத்தில்தான் இருக்கும்.

"பக்கத்துக் காடுகளுக்கும் ஓட்டி ஈடுகட்டிக்கொள்கிறேன்" என்பது அடுத்த பதில். நல்லதுதான். ஆனால் அப்போது நீங்கள் விவசாயம் போக வாடகைத் தொழிலும் செய்கிறீர்கள். ஓட்டுநர் வேண்டும், இரவு உழவு உண்டு, "அறுப்பு முடிந்ததும் தருகிறேன்" என்று சொல்லும் பங்காளிகளிடம் காசு வாங்கும் திறமையும் வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

ஒரு பருவம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்

வாங்க நினைக்கிற எந்திரம் எதுவானாலும், அதே வகையை ஒரு பருவமாவது வாடகைக்கு எடுத்து உங்கள் மண்ணில் ஓட விடுங்கள். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறையே டிராக்டர், அறுவடை எந்திரம், புல்டோசர், மண் அள்ளும் எந்திரம் ஆகியவற்றை வாடகைக்குத் தருகிறது. அரசின் உழவன் செயலி வழியாக முன்பதிவு செய்யலாம், இல்லையென்றால் கோட்ட அளவில் இருக்கும் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்துக்கே போய்க் கேட்கலாம். துறையின் கட்டணம் பெரும்பாலும் வெளி வாடகையைவிடக் குறைவு. வண்டிகள் குறைவு என்பதால் காத்திருக்க வேண்டி வரும். பருவம் தொடங்கும் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

ஓடும்போது கூடவே நின்று பாருங்கள். மண்தான் எந்திரத்தைத் தேர்ந்தெடுக்கிறது. டெல்டாவின் களிமண் வயலில் சேறு அடிக்க கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் வேண்டும். ஈரம் வடியாத வயலில் டயர் வைத்த அறுவடை எந்திரம் புதைந்து நிற்கும், அங்கே டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் வண்டிதான் சரி. அதையே நன்றாகக் காய்ந்த வயலுக்குக் கூப்பிட்டால் வாடகைதான் கூடுதலாகப் போகும். 25 அடி இடைவெளியில் வைத்த தென்னந்தோப்பில் மரத்தைச் சுற்றித் திரும்ப மினி டிராக்டர் வசதி. வாழைக்கும் காய்கறிக்கும் களை எடுக்கும் சின்ன எந்திரமான பவர் வீடரே போதும் என்று பலருக்கு ஒரு பருவம் ஓட்டிய பிறகுதான் புரிகிறது. நாற்று நடவு எந்திரம் வேண்டுமென்றால் முதலில் பாய் நாற்றங்கால், அதாவது பாய் போல எடுக்கும்படி நாற்று, விடப் பழக வேண்டும். நாற்று சரியில்லாவிட்டால் எந்த நிறுவனத்தின் எந்திரமும் இடையிடையே குத்துகளைத் தவறவிட்டுத்தான் நடும்.

செய்திகளில் எதைப் பார்ப்பது

வேளாண் எந்திரச் செய்திகளில் பாதி, ஏதோ ஒரு நிறுவனம் ஏதோ ஒரு மாடலை அறிமுகம் செய்தது என்கிற வகை. அதைத் தாண்டிவிடலாம். விலையையும் மானியத்தையும் தொடுகிற செய்திகள் மூன்று வகைதான்.

ஒன்று வரி. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. டிராக்டர் டயருக்கும் பல உதிரிபாகங்களுக்கும் 18 சதவீதமாக இருந்ததும் 5 ஆனது. பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு யாராவது பேசினால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

இரண்டாவது புகை விதிகள். 2023 ஜனவரியிலிருந்து 50 எச்.பி.க்கு (எச்.பி. என்றால் குதிரைத்திறன்) மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம் 4 என்ற கடுமையான புகை அளவு கட்டாயமானது. அதற்காக எஞ்சினில் மின்னணுக் கட்டுப்பாடு சேர்ந்தது, விலையும் கூடியது. 49 எச்.பி., 49.5 எச்.பி. என்று எல்லைக்கோட்டுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு நிற்கும் மாடல்களைப் பார்த்து வியக்கிறவர்களுக்குக் காரணம் இதுதான். உங்களுக்கு அந்த ஒரு எச்.பி. வித்தியாசம் உழவில் தெரியாது. ஆனால் ரிப்பேருக்கு ஊர் மெக்கானிக் போதுமா, நிறுவனத்து ஆள் கணினியோடு வர வேண்டுமா என்பதில் தெரியும்.

மூன்றாவது பட்ஜெட். தமிழ்நாடு 2021 முதல் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை வைக்கிறது. எந்த எந்திரத்துக்கு மானியம், எந்த வகை விவசாயிக்குக் கூடுதல் சலுகை என்பது அதில் வரும். சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்த அன்றே அலுவலகத்தில் படிவம் இருக்காது. வழிகாட்டு நெறிமுறை, மாவட்டத்துக்கான இலக்கு எல்லாம் வந்த பிறகுதான் விண்ணப்பம் நகரும். அறிவிப்புக்கும் படிவத்துக்கும் நடுவே இருக்கும் காலத்தில் உங்கள் காகிதங்களைத் தயார் செய்து வையுங்கள்.

கண்காட்சி நாள்

கொடிசியா மட்டும்தான் என்றில்லை. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் கிருஷி மேளா, புனே பக்கம் மோஷியில் நடக்கும் கிசான் கண்காட்சி, லூதியானாவில் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் மார்ச்சிலும் செப்டம்பரிலும் நடத்தும் கிசான் மேளா எல்லாம் பெயர் பெற்றவை. பஞ்சாபில் பார்ப்பது கோதுமை நாட்டு எந்திரம், தஞ்சாவூருக்கு அப்படியே பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். முதல் முறைக்குக் கோவையே நல்லது. நம் பயிர், நம் மண், தமிழில் பேசும் ஆட்கள்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வேலை நாளில் காலையில் கதவு திறக்கும்போதே போனால் ஸ்டாலில் இருக்கும் பொறியாளர் நின்று பேசுவார். மதியத்துக்கு மேல் துண்டுப் பிரசுரம் கொடுக்கும் தம்பிகள்தான் இருப்பார்கள். போகும்போது மணிக்கணக்கு எழுதிய நோட்டு, உங்கள் நிலத்தின் அளவு, வரப்பு வழி எவ்வளவு அகலம் என்ற குறிப்பு ஆகியவை கையில் இருக்கட்டும். அந்த அகலம் முக்கியம். ரோட்டவேட்டரோடு வண்டி உள்ளே போகவே வழியில்லாத வயல்கள் நம் ஊரில் ஏராளம்.

எச்.பி. பற்றிக் கேட்கும்போது எஞ்சின் எச்.பி.யோடு நிறுத்தாதீர்கள், பி.டி.ஓ. எச்.பி. எவ்வளவு என்று கேளுங்கள். பி.டி.ஓ. என்பது டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டு. ரோட்டவேட்டர், வைக்கோல் கட்டும் எந்திரம், மருந்து தெளிப்பான் எல்லாவற்றையும் சுற்றுவது அதுதான். எஞ்சினில் 45 என்று எழுதியிருந்தாலும் அங்கே வந்து சேர்வது அதைவிடக் குறைவாகவே இருக்கும், மாடலுக்கு மாடல் மாறும். பொதுவாக 45 எச்.பி. வண்டிக்கு ஆறு அடி ரோட்டவேட்டர், அதற்குக் கீழே என்றால் ஐந்து அடி என்று போவார்கள். களிமண்ணாக இருந்தால் ஒரு அளவு குறைத்தே எடுங்கள். பெரியதை மாட்டி வண்டியைத் திணற வைத்தால் டீசல்தான் குடிக்கும்.

சேற்று உழவுக்கு எண்ணெயில் மூழ்கிய பிரேக் இருக்கிறதா என்று பாருங்கள். சேறும் தண்ணீரும் உள்ளே போகாது. வைக்கோல் கட்டும் எந்திரம் மாட்டும் எண்ணம் இருந்தால் வண்டி நின்றாலும் பி.டி.ஓ. தனியாகச் சுற்றும் வசதி உண்டா என்று கேளுங்கள். பின்னால் மாட்டும் கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக் எத்தனை கிலோ தூக்கும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மற்றபடி இசை கேட்கும் வசதி, எல்.இ.டி. விளக்கு பற்றியெல்லாம் அவர்களே சொல்வார்கள்.

அடுத்தது ஆள் பற்றிய கேள்விகள். எனக்கு எந்திரத்தைவிட இவைதான் முக்கியம். உங்கள் ஊருக்கு அருகில் இருக்கும் டீலர் யார், அவரிடம் எத்தனை மெக்கானிக், சம்பா அறுவடை நேரத்தில் கூப்பிட்டால் எத்தனை நாளில் வருவார், எந்தெந்தப் பாகங்கள் கடையிலேயே இருப்பு உண்டு. ஸ்டாலில் "எல்லாம் இருக்கிறது சார்" என்பார்கள். அந்த டீலரிடம் வாங்கிய இரண்டு மூன்று விவசாயிகளின் எண்ணைக் கேட்டு வாங்கி, அவர்களிடமே பேசுங்கள். எண் தரத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

"கண்காட்சி விலை, இன்று மட்டும்" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே நகருங்கள். அடுத்த வாரம் டீலரிடம் போனாலும் பெரும்பாலும் அதே விலைக்கு வரும். விலையைக் கேட்கும்போது பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து, வண்டி வீட்டு வாசலில் நிற்க எவ்வளவு என்று கேளுங்கள். அதை எழுத்தில் வாங்குங்கள். கடைசியாக, "என் நிலத்தில் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டுவீர்களா?" என்று கேளுங்கள். வருகிறவர்களின் பெயரை நோட்டில் மேலே எழுதுங்கள்.

சோதனை அறிக்கையும் விருதும்

டிராக்டர்களையும் பண்ணைக் கருவிகளையும் அரசே சோதித்து அறிக்கை தருகிறது. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் மத்திய பண்ணை எந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. தென் பகுதிக்கு ஆந்திராவின் அனந்தபூர் பக்கம் கார்லதின்னேயில் ஒன்று. அவர்கள் அறிக்கையில் பி.டி.ஓ.வில் கிடைத்த சக்தி, டீசல் செலவு, தூக்கும் திறன் எல்லாம் அளந்து எழுதியிருக்கும். விளம்பரத் தாளில் இருக்கும் எண்ணையும் அறிக்கையில் இருக்கும் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் போரடிக்கிற வேலைதான், ஆனால் எட்டு லட்ச ரூபாய் முடிவுக்கு ஒரு சாயங்காலம் செலவிடலாம்.

விருதுகளைப் பற்றி எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இந்த வருடத்தின் சிறந்த டிராக்டர்" என்று பலகை வைத்திருந்தால் மூன்று விஷயம் கேளுங்கள்: விருது கொடுத்தது யார், எந்த எச்.பி. பிரிவில், எந்த வேலைக்கு. பிரிவுகள் நிறைய இருந்தால் விருதுகளும் நிறைய இருக்கும். விருது பெற்ற 60 எச்.பி. வண்டி உங்கள் மூன்று ஏக்கர் காய்கறிக்கு எதற்கு?

விவசாயிகளுக்குத் தரும் விருதுகளை வேறு கண்ணால் பார்க்கலாம். திருந்திய நெல் சாகுபடியில் மாநிலத்திலேயே அதிக மகசூல் எடுக்கும் விவசாயிக்குத் தமிழ்நாடு அரசு குடியரசு நாளில் சி. நாராயணசாமி நாயுடு பெயரிலான விருதைத் தருகிறது, பரிசுத் தொகை 5 லட்சம் ரூபாய். அந்தச் சாகுபடி முறையில் முக்கியமான கருவி எது தெரியுமா? கையால் தள்ளும் கோனோவீடர். 14, 15 நாள் இள நாற்று, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுர நடவு, வரிசைகளுக்கு நடுவே கோனோவீடர் ஓட்டிக் களையை மண்ணிலேயே அமுக்குவது. பரிசு பெற்றவர் உங்கள் மாவட்டத்தில் இருந்தால் அவர் வயலைப் போய்ப் பாருங்கள். கண்காட்சியில் ஒரு நாள் முழுக்கச் சுற்றுவதைவிட அந்த ஒரு மணி நேரத்தில் அதிகம் கிடைக்கும்.

மானியம்: வரிசை மாறக் கூடாது

புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். முதலில் விண்ணப்பம், பிறகு ஒப்புதல், அதற்குப் பிறகுதான் வாங்குவது. வாங்கிவிட்டு பில்லோடு அலுவலகத்துக்குப் போனால் மானியம் கிடைக்காது.

மத்திய அரசின் வேளாண் எந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15இல் தொடங்கியது. அதன்படி சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம். ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாடு அரசு கூடுதலாக 20 சதவீதம் சேர்த்துத் தருகிறது. இதில் ஒரு சங்கதி. ஒவ்வொரு எந்திரத்துக்கும் உச்சவரம்பு உண்டு. "50 சதவீதம்" என்றால் நீங்கள் வாங்கும் விலையில் பாதி என்று அர்த்தமில்லை. பாதி விலை, உச்சவரம்பு இரண்டில் எது குறைவோ அதுதான். இந்த ஆண்டின் வரம்பு என்ன என்பதை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு அதன் பிறகு கணக்குப் போடுங்கள்.

காகிதங்கள்: சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புக், புகைப்படம், சிறு குறு விவசாயி என்றால் அதற்கான சான்று, தேவைப்படுவோருக்குச் சாதிச் சான்று. சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சிக்கல் வருவது காகிதம் இல்லாததால் அல்ல, பெயர் ஒத்துப்போகாததால். ஆதாரில் ஒரு எழுத்து, சிட்டாவில் ஒரு எழுத்து. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். கூட்டுப் பட்டாவில் நாலு பேர் பெயர், அதில் ஒருவர் துபாயில். இவற்றைச் சரிசெய்ய மாதங்கள் ஆகலாம். எந்திரம் பற்றி யோசிக்கத் தொடங்கிய அன்றே பட்டாவை எடுத்துப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

மானியத்துக்கு அங்கீகரித்த பட்டியலில் இருக்கும் நிறுவனம், மாடலைத்தான் எடுக்க முடியும். ஒப்பந்தம் போடும் முன் ஒன்று செய்யுங்கள்: அதே மாடலுக்கு மானியம் இல்லாமல் என்ன விலை என்று வேறொரு ஊர் டீலரிடம் கேளுங்கள். சில நேரம் மானிய விலைக்கும் வெளி விலைக்கும் வித்தியாசம் பெயருக்குத்தான் இருக்கும். அப்படி என்றால் மாதக்கணக்கில் காத்திருந்து என்ன பயன்?

நாலைந்து பேர் சேர்ந்து அல்லது உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாக வாடகை மையம் தொடங்குவது வேறு வழி. அதற்குத் தனி மானியம் உண்டு. 2020இல் வந்த வேளாண் உள்கட்டமைப்பு நிதியின் கீழ் 2 கோடி ரூபாய் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு, வாடகை மையங்களும் அதில் வருகின்றன. சேரும் ஆட்கள் ஒத்துப்போனால் சிறு நிலக்காரர்களுக்கு இதுவே நல்ல வழி என்பேன். யார் முதலில் உழுவது என்பதை வண்டி வரும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி வந்த பிறகு

டெலிவரி எடுக்கும்போது எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டையும் பில்லோடு ஒத்துப் பாருங்கள். மணிக்கணக்கு மீட்டரைப் புகைப்படம் எடுங்கள். டிரெய்லர் வாங்கினால் அதற்கும் தனிப் பதிவு, தனி இன்சூரன்ஸ் வேண்டும். விவசாயத்துக்கென்று பதிவான வண்டியில் செங்கல், மணல் ஏற்றி வாடகைக்கு ஓட்டினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

முதல் சர்வீஸ் பெரும்பாலும் 50 மணி நேரத்தில் வரும். அதைத் தவறவிட்டால் வாரண்டிப் பேச்சே இருக்காது. அதுவரை அதிக பாரத்தோடு ஓட்ட வேண்டாம். கோடை உழவில் தூசி அதிகம். காற்று வடிகட்டியைத் தினம் பாருங்கள். ஓட்டுநருக்கு டிராக்டர் ஓட்டும் உரிமம் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள், சித்தப்பா மகனாக இருந்தாலும்.

பி.டி.ஓ. தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று. வேட்டி முனையோ துண்டோ சேலைத் தலைப்போ சிக்கினால் கையை இழுக்கக்கூட நேரமிருக்காது. தண்டின் மேல் வரும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவது நம் ஊரில் சாதாரணம். கழற்ற விடாதீர்கள். ரோட்டவேட்டரில் கொடி, புல் சுற்றிக்கொண்டால் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகே குனிய வேண்டும். சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கும்போது சங்கிலியை இழுக்கிற டிராக்டரின் மேல் லிங்கில் (கருவி மாட்டும் மேல் கம்பியில்) மாட்டக் கூடாது, அந்த டிராக்டர் பின்பக்கமாக மல்லாந்து விழும். கீழே இருக்கும் இழுவைக் கம்பியில்தான் மாட்ட வேண்டும். இவற்றை ஓட்டுநரிடம் வாயால் சொன்னால் போதாது, முதல் நாள் வண்டி அருகில் நின்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டச் சொல்லுங்கள்.